பிரதரன் சபைகளின் முதல் பிளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதரன் (Brethren, "சகோதரர்கள்") சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஜார்ஜ் முல்லரின் ஜெபம், அந்தோணி குரோவ்ஸின் தியாகம், ஜான் டார்பியின் வேத ஞானம் எல்லாவற்றையும் மேடையில் சொல்வார்கள். அந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் மட்டும், "பழைய கதையைக் கிளறாதே தம்பி" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களுடைய கூட்டம் முதன்முதலில் பிளந்த கதையைப் பற்றி வாலிபர் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவர்கள் எல்லோரும் ஆண்டவரை உண்மையாக நேசித்தவர்கள். அதனால்தான் இந்தக் கதை வலிக்கிறது.

இந்த இயக்கம் எங்கே, எப்படித் தொடங்கியது?

1820களின் பிற்பாதியில், அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில். எட்வர்ட் குரோனின் என்று ஒரு மருத்துவ மாணவர். கத்தோலிக்கராக இருந்து சுவிசேஷ விசுவாசத்துக்கு வந்தவர். டப்ளினுக்கு வந்த புதிதில் அங்கிருந்த சுயாதீன சபைகள் அவரை விருந்தாளியாகப் பந்தியில், அதாவது அப்பம் பிட்கும் திருவிருந்தில், சேர்த்துக்கொண்டன. அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார் என்று தெரிந்ததும், "ஏதாவது ஒரு சபையில் அங்கத்தினராகச் சேருங்கள், இல்லையென்றால் பந்தி கிடையாது" என்றார்கள். குரோனின் மறுத்தார். கிறிஸ்துவின் சரீரம் ஒன்றுதானே, அதற்குள் இன்னொரு அங்கத்துவம் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒரு சபையில் அவர் பெயரைப் பகிரங்கமாக வாசித்து விலக்கினார்கள். அது அநியாயம் என்று பட்டதால், வேதாகமச் சங்கத்தில் துணைச் செயலாளராக இருந்த எட்வர்ட் வில்சன் என்பவர் சாக்வில் தெருவில் தன்னுடைய அறை ஒன்றிலேயே அப்பம் பிட்க இடம் கொடுத்தார்.

ஆக, பந்தியிலிருந்து ஒருவரைத் தள்ளியதில் பிறந்த கூட்டம் இது. குரோனினை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அவரிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அப்புறம் மற்றவர்கள் சேர்ந்தார்கள். வழக்கறிஞரான பெல்லட், ஆங்கிலிக்கன் குருவாக இருந்த டார்பி, எக்ஸிடரில் நல்ல வருமானத்தோடு பல் வைத்தியம் பார்த்துவந்த குரோவ்ஸ். 1830இல் ஆஞ்சியர் தெருவில் ஒரு ஏலக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சகோதரர்கள் சிலர் போய் ஏலத்துக்கு வைத்திருந்த மேஜை நாற்காலிகளை ஓரமாக நகர்த்துவார்கள். நடுவில் ஒரு சாதாரண மேஜை போட்டு, மறுநாளுக்கான அப்பமும் திராட்சரசமும் வைப்பார்கள். பிற்காலத்தில் வயதானபின் இதை நினைவுகூர்ந்த குரோனினுக்கு, அந்தச் சனிக்கிழமைகள்தான் மிகவும் சந்தோஷமான நேரங்கள். மேஜை நாற்காலி நகர்த்தியவர்களில் ஒருவர் ஜான் பார்னெல், பின்னாளில் காங்கிள்டன் பிரபு ஆனவர்.

ஏன் சபைக்குப் பெயர் வைக்கவில்லை?

பெயர் வைத்தால் அதுவும் ஒரு பிரிவாகிவிடும் என்று நினைத்தார்கள். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ" என்ற வசனம் போதும், நாங்கள் வெறும் சகோதரர்கள் என்றார்கள். இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பிளிமத் என்ற துறைமுக ஊரில் கூட்டம் பெரிதாக வளர்ந்தபோது, வெளியிலிருந்தவர்கள் "பிளிமத் சகோதரர்கள்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

டார்பி எப்படிப்பட்டவர்?

1800இல் லண்டனில் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கி, சட்டம் படித்து, அந்தத் தொழிலை விட்டுவிட்டு விக்லோ மலைப்பகுதியில் ஏழைகளிடையே குருவாக ஊழியம் செய்தவர். குதிரை விபத்தில் காலில் அடிபட்டுப் படுத்துக்கிடந்த மாதங்களில்தான் சபை என்றால் என்ன என்ற அவருடைய எண்ணம் மாறியது. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊர் ஊராக அலைந்தார். இந்த மனிதரைப் பதவிவெறி பிடித்தவர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியாது.

ஆனால் தன்னோடு நடந்தவர் வேறு பாதையில் ஒரு அடி எடுத்துவைத்தாலும் அதை அவரால் சின்ன வித்தியாசமாகப் பார்க்க முடியவில்லை. சத்தியத்தின் மேல் விழுந்த அடியாகவே பார்த்தார். எல்லாப் பிரச்சினையும் இங்கிருந்துதான்.

நியூட்டன் யார்? அவரோடு ஏன் மோதல் வந்தது?

பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர், அங்கே எக்ஸிடர் கல்லூரியில் ஆய்வாளராக இருந்தவர். டார்பியைவிட ஏழு வயது இளையவர். டார்பியைப் பிளிமத்துக்கு வரவழைத்ததே அவர்தான். இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

டார்பி அயர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று சுற்றிக்கொண்டிருக்க, நியூட்டன் பிளிமத்திலேயே தங்கிச் சபையை நடத்தினார். 1840இல் எப்ரிங்டன் தெருவில் பெரிய ஆராதனைக் கூடம் வந்தது. நியூட்டன் நன்றாகப் போதிப்பார். கூட்டத்தில் பொருத்தமில்லாமல் யாராவது எழுந்து பேசினால் அடக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆரம்பத்தில் டார்பிக்கும் இதில் ஆட்சேபம் இருக்கவில்லை. வருஷங்கள் போகப்போக, நியூட்டனும் அவரோடு போதித்துவந்த ஹாரிஸும் இன்ன ஞாயிறு இன்னார் பேசுவார் என்று ஊருக்கே தெரியும் அளவுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பரிசுத்த ஆவியானவர் யாரை எழுப்பினாலும் பேசலாம் என்று தொடங்கிய கூட்டத்தில் மறுபடியும் ஒரு குருத்துவம் முளைக்கிறது என்று டார்பி சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

இரண்டாவது விஷயம் தீர்க்கதரிசனம். கடைசி நாட்களில் வரும் மகா உபத்திரவத்துக்கு முன்பே சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பது டார்பியின் போதனை. இன்று தமிழ்நாட்டில் பல சபைகளில் கேட்கும் "இரகசிய வருகை" இந்த வழியில் வந்ததுதான். நியூட்டனோ, சபை உபத்திரவத்தின் வழியாகப் போகும் என்றார். டார்பியின் கருத்து பிளிமத்தில் பரவக்கூடாது என்று கடிதங்கள் எழுதி ஆள் சேர்த்தார். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி நியூட்டன் ஒரு புத்தகம் எழுத, டார்பி அதைவிடப் பெரிய மறுப்பு எழுதினார்.

1845 மார்ச்சில் டார்பி சுவிட்சர்லாந்திலிருந்து பிளிமத்துக்குத் திரும்பினார். அக்டோபர் 26ஆம் தேதி ஆராதனையின் முடிவில் எழுந்து, தான் இந்தச் சபையை விட்டு விலகுவதாக அறிவித்தார். டிசம்பர் 28 ஞாயிறன்று அதே ஊரில் வேறொரு இடத்தில் தன்னோடு வந்தவர்களைக் கூட்டி அப்பம் பிட்டார். ஒரே ஊரில், ஒரே பெயரில்லாத கூட்டத்துக்கு, இரண்டு மேஜைகள்.

இது உபதேசச் சண்டையா, தலைமைச் சண்டையா?

1845இல் நடந்தது தலைமைச் சண்டை என்றே நான் நினைக்கிறேன். அன்றைக்கு நியூட்டன் மேல் கள்ள உபதேசம் என்ற குற்றச்சாட்டு கிடையாது. குருத்துவம், கட்சி சேர்த்தல், இவற்றோடு நேர்மையின்மை. இந்த மூன்றாவது ரொம்பக் கசப்பானது. நியூட்டன் முன்பு எழுதிய ஒரு கடிதத்தைப் பிறகு மாற்றி அச்சிட்டு, அதுவே பழைய கடிதம் என்று காட்டினார் என்பது டார்பியின் புகார். வெளியூர்களிலிருந்து சகோதரர்கள் வந்து விசாரித்தார்கள். எல்லோரும் ஏற்கும் ஒரு தீர்ப்பு வரவில்லை.

வரவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. பிஷப் இல்லை, சினாடு இல்லை, எழுதிவைத்த விதி இல்லை. எல்லோரும் சகோதரர்கள். ஒருவர் "ஆவியானவர் எனக்கு இப்படி உணர்த்துகிறார்" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேலே முறையிட இடமே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் குரல் பலமாக உள்ளவர் சொல்வதுதான் கடைசியில் நிற்கும். குருமாரின் அதிகாரத்தை எடுத்துப்போட்டவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை என்பதுதான் என்னுடைய மனக்குறை.

பிறகு எப்படி இது உபதேசப் பிரச்சினை ஆனது?

1847இல் ஹாரிஸின் கைக்கு ஒரு நோட்டு வந்தது. ஆறாம் சங்கீதத்தைப் பற்றி நியூட்டன் பேசியதை யாரோ கேட்டு எழுதிய குறிப்பு. நண்பர்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. அதைப் படித்த ஹாரிஸ் அதிர்ந்துபோனார். ஒருகாலத்தில் நியூட்டனோடு ஒரே மேடையில் நின்றவர், தன் கண்டனத்தோடு சேர்த்து அதை அச்சிட்டார்.

அதில் இருந்தது இதுதான். கிறிஸ்து இஸ்ரவேலில் பிறந்ததாலும், ஆதாமின் சந்ததியில் ஒருவராக நின்றதாலும், சிலுவைக்கு முன்பே, மற்றவர்களுக்குப் பதிலாக அல்லாமல், தேவகோபத்தின் சில விளைவுகளை அனுபவித்தார் என்று நியூட்டன் போதித்திருந்தார். அப்படியானால் மீட்பருக்கே ஒரு மீட்பு தேவைப்பட்டதா என்ற கேள்வி வருகிறது. இந்த இடத்தில் டார்பியின் பக்கம்தான் நான். அந்தப் போதனை தவறு.

நியூட்டன் தவறை ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒத்துக்கொண்டார்! பலருக்கு இது தெரியாது. 1847 நவம்பர் 26ஆம் தேதியிட்டு ஓர் அறிக்கை அச்சிட்டார். ஆதாமின் தலைமைத்துவத்தைக் கிறிஸ்துவோடு இணைத்துப் பேசியது தவறு, அதைப் பாவமாக அறிக்கையிடுகிறேன், அதைச் சொல்லும் என் எழுத்துகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினார். ஓர் ஆக்ஸ்போர்டு அறிஞர், ஒரு பெரிய சபையின் போதகர், அச்சில் எல்லோர் முன்பும் இப்படிச் சொல்வது சாதாரண காரியமா? டிசம்பரில் பிளிமத்தை விட்டே போய்விட்டார். பிறகு லண்டனில் தனியாக ஒரு ஆலயத்தில் போதித்து, 1899இல் இறந்தார்.

டார்பியின் பக்கத்தினருக்கு அந்த அறிக்கை போதவில்லை. ஒரு தவறைத்தான் ஒத்துக்கொண்டார், வேரை விடவில்லை என்றார்கள். வேர் முழுவதும் போகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த நவம்பரில் ஒரு வாசல் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்து பேச ஒருவரும் தயாராக இல்லை.

சண்டை பிளிமத்தில்தானே? ஜார்ஜ் முல்லர் எப்படி இழுக்கப்பட்டார்?

முல்லரும் ஹென்றி கிரெய்க்கும் 1832 முதல் பிரிஸ்டல் நகரத்தில் பெதஸ்தா ஆலயத்தில் ஊழியம் செய்துவந்தார்கள். 1848இல் நியூட்டனின் பழைய சபையிலிருந்து வுட்ஃபால் என்ற சகோதரர்கள் இருவர் அங்கே வந்து பந்தியில் சேர விரும்பினார்கள். பெதஸ்தாவின் மூப்பர்கள் அவர்களை விசாரித்தார்கள், தவறான போதனை அவர்களிடம் இல்லை என்று கண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

அது போதாது, நியூட்டனின் புத்தகங்களையே சபை எடுத்து ஆராய்ந்து கண்டிக்க வேண்டும் என்று உள்ளூரில் சிலர் வற்புறுத்தினார்கள். அதற்குப் பெதஸ்தாவின் பொறுப்பாளர்கள் எழுதிய பதிலுக்கு "பத்துப் பேர் கடிதம்" என்று பெயர். எளிய விசுவாசிகள் நிறைந்த சபையில் அந்தச் சிக்கலான விவாதத்தைக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். போதித்தவர் தவறாகப் போதித்தார் என்றே வைத்துக்கொண்டாலும், கேட்டவர் அந்தத் தவறைப் புரிந்து ஏற்றுக்கொண்டாரா என்று பார்க்காமல் அவரைத் தள்ளமுடியாது என்றும் சொன்னார்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் வெடித்தது. 1848 ஆகஸ்ட் 26ஆம் தேதி டார்பி எல்லாச் சபைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெதஸ்தாவிலிருந்து வரும் யாரையும் சேர்த்துக்கொள்வது அந்தத் தீமைக்கே கதவு திறப்பது என்றார். யோவானின் இரண்டாம் நிருபத்தில், கள்ள உபதேசக்காரனுக்கு "வாழ்த்துதல் சொல்லுகிறவன் அவனுடைய துர்க்கிரியைகளுக்கும் பங்குள்ளவனாகிறான்" என்று இருக்கிறது அல்லவா? அந்த வசனம் போதகனைப் பற்றியது. அவன் பேச்சைக் கேட்டவர், கேட்டவரைச் சேர்த்துக்கொண்ட சபை, அந்தச் சபையோடு ஐக்கியமான அடுத்த ஊர்ச் சபை என்று தீட்டு மாதிரி அதை நீட்டிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? அன்றைக்கு எங்குமே நிறுத்தவில்லை.

பெதஸ்தா சபை கடைசிவரை நியூட்டனைக் கண்டிக்கவே இல்லையா?

கண்டித்தது. 1848 நவம்பர் 27 முதல் டிசம்பர் 11 வரை ஏழு கூட்டங்கள் நடத்தி நியூட்டனின் எழுத்துகளை ஆராய்ந்தார்கள். அந்தப் போதனையை ஆதரிக்கும், பரப்பும் யாருக்கும் பந்தியில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். டார்பி எதைக் கேட்டாரோ அது, சற்றுத் தாமதமாக, நடந்தேவிட்டது.

அப்படியானால் ஏன் சமாதானம் ஆகவில்லை?

1849 ஜூலை. பிரிஸ்டலுக்கு வெளியே ஆஷ்லி டவுன் மேட்டில் முல்லரின் புதிய அனாதை இல்லம் திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. டார்பி அங்கே தேடிவந்தார். நேரம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இருவரும் கைகுலுக்கினார்கள். நீங்கள் அந்தப் புத்தகங்களைக் கண்டித்துவிட்டீர்கள், இனி நாம் பிரிந்திருக்கக் காரணம் இல்லை என்றார் டார்பி. ஒரு மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது, பத்து நிமிஷத்தில் இதைப் பேச முடியாது, இந்த விஷயத்தில் நீங்கள் அவ்வளவு பொல்லாப்பாக நடந்திருக்கிறீர்கள், மறுபடி ஒன்றாகச் சேருமுன் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது என்றார் முல்லர். டார்பி எழுந்து போய்விட்டார். அதன்பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

இது முல்லரே பின்னாளில் சொன்னது. முல்லரின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்றால், சிறுவயதில் அவர் படத்தை வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். ஆனாலும் இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆயிரக்கணக்கான அனாதைகளுக்குக் காலை உணவு வரும்வரை முழங்காலில் காத்திருக்கத் தெரிந்தவர், அந்த ஒரு மணி வேலையைத் தள்ளிவைத்திருக்கலாம். டார்பியும் அடுத்த நாள் மறுபடி வந்திருக்கலாம்.

முன்கூட்டியே யாரும் எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தவர் குரோவ்ஸ். முல்லரின் மைத்துனர், அதாவது முல்லரின் மனைவி மேரி இவருடைய தங்கை. 1829இல் எல்லாவற்றையும் விட்டுப் பாக்தாத்துக்கு மிஷனரியாகப் போனார். அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833இல் இந்தியா வந்தார். இடையில் இங்கிலாந்துக்குப் போனபோது டார்பியின் போக்கில் வந்த மாற்றத்தைக் கண்டு, 1836 மார்ச் 10ஆம் தேதி அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள் என்பதைவிட எதை எதிர்க்கிறீர்கள் என்பதை வைத்தே உங்களை உலகம் அடையாளம் காணும் நாள் வரும் என்றார். மற்றவர்களிடம் உள்ள நன்மையிலிருந்து பிரிவதைவிட, அவர்களுடைய தீமைகளைப் பொறுத்துக்கொள்வதையே நான் எவ்வளவோ விரும்புவேன் என்றும் எழுதினார். பிளிமத்தில் மேஜை இரண்டானது இதற்கு ஒன்பது வருஷத்துக்குப் பின்.

இன்னொருவர் பார்ன்ஸ்டபிள் ஊரின் ராபர்ட் சாப்மன். பிரிவதற்குமுன் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்று டார்பியிடம் நேரில் சொன்னார். ஆறு மாதம் பொறுத்தேன் என்றார் டார்பி. எங்கள் ஊராக இருந்தால் ஆறு வருஷம் பொறுத்திருப்போம் என்று சாப்மன் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஓப்பன், எக்ஸ்குளூசிவ் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொன்னால், 1848இல் பெதஸ்தாவைத் தள்ளியவர்கள் எக்ஸ்குளூசிவ், தள்ள மறுத்தவர்கள் ஓப்பன். முதல் வகையில் ஒரு சபை எடுத்த முடிவு எல்லாச் சபைகளையும் கட்டும். இரண்டாவதில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் தானே விசாரித்து முடிவெடுக்கும்.

நடைமுறையில் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, தாத்தாவோடு வேறொரு ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை அங்குள்ள சபைக்குப் போனோம். அது ஓப்பன் வகைதான். தாத்தா, சொந்தச் சபை கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை வீட்டு மேஜையிலேயே மறந்துவிட்டார். நாற்பது வருஷமாக அப்பம் பிட்ட மனிதரைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். தட்டு எங்கள் வரிசைக்கு முன்னாலேயே திரும்பிப் போனது. தாத்தா தலைகுனிந்து பாட்டுப் புத்தகத்தின் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கடிதம் கேட்பதற்குக் காரணம் உண்டு, அவர்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சாக்வில் தெருக் கதையை முதல்முறை படித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

குரோவ்ஸ் வழியாக உண்டு. இந்தியா வந்ததும் அவர் திருநெல்வேலிக்குப் போய் அங்கே மிஷனரியாக இருந்த ரேனியஸ் ஐயரைச் சந்தித்தார். 1835இல் ரேனியஸுக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் தகராறு முற்றி அவர் நீக்கப்பட்டபோது, குரோவ்ஸ் அவர் பக்கம் நின்றார். ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்து ஊழியம் செய்தார். பிறகு வெளிநாட்டுச் சங்கம் எதையும் சாராமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் நடந்தது. இங்குள்ள பிரதரன் சபைகளில் பெரும்பாலானவை ஓப்பன் வகையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

குரோவ்ஸ் 1853இல் பிரிஸ்டலில், முல்லரின் வீட்டில் இறந்தார்.

குரோனின் என்ன ஆனார்?

1830இல் குரோவ்ஸுக்கு உதவியாகப் பாக்தாத்துக்குக் கிளம்பிய குழுவில் அவரும் இருந்தார். அதற்கு முன்பே மனைவியை இழந்திருந்தார். பிறகு லண்டனில் மருத்துவம் பார்த்தார். 1848இல் டார்பியின் பக்கம் நின்றார், முப்பது வருஷம் அவரோடு நடந்தார்.

1879இல் வைட் தீவில் ரைட் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஏற்கனவே இருந்த கூட்டம் சீர்கெட்டிருந்ததால், புதிதாகக் கூடிய வேறு சிலரோடு உட்கார்ந்து அப்பம் பிட்டார். மற்ற சபைகளைக் கேட்காமல் செய்தது ஒழுங்கீனம் என்று டார்பி கடுமையாக எதிர்த்தார். பல மாதங்கள் கூட்டங்களும் கடிதங்களும் நடந்தன. கடைசியில் லண்டனில் கென்னிங்டன் சபை, தன் மூத்த சகோதரரை ஐக்கியத்திலிருந்து விலக்கியது. எண்பதை நெருங்கிய வயது அவருக்கு. அவரைப் போதுமான வேகத்தில் விலக்கினார்களா இல்லையா என்ற கேள்வியிலேயே ராம்ஸ்கேட் சபை இரண்டானது. 1881இல், டார்பியின் எழுத்துகளைத் தொகுத்த வில்லியம் கெல்லியின் பக்கத்தவர்கள் தனியானார்கள்.

குரோனின் 1882இல் இறந்தார். அதே வருஷம் ஏப்ரலில் போர்ன்மத் நகரத்தில் டார்பியும் இறந்தார்.